முறிகண்டியில் நிற்காத கார்

2018 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கனடாவிலே பிறந்து வளர்ந்த என் தம்பியின் மகன் கட்டுநாயக்காவில் இறங்கி, வாடகை வான் ஒன்றிலே கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தபோது, அந்த வானின் முன்கண்ணாடியிலே ரப்பர்க் கிண்ணம் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதையும், அதன் கழுத்திலே அவனுடைய கைத்தொலைபேசி மாட்டப்பட்டிருப்பதையும் கண்டேன். "பெரியப்பா, வவுனியாவில இருந்து இஞ்ச வரைக்கும் முழுக்க எடுத்திருக்கிறன்" என்று சொல்லி அவன் அதைக் கழற்றி என் கையிலே தந்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் வஸ்து. பாரமென்று சொல்லத்தக்க பாரமும் அதற்கில்லை. ஆனால் வெயில் ஏறியதும் கிண்ணத்தின் பிடி தளர்ந்து, கனகராயன்குளத்துக்குக் கிட்ட ஒருமுறை தொலைபேசியோடு சேர்ந்து கீழே விழுந்துவிட்டதாம். அதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த சந்தோஷம் வயது சென்ற ஒருவனுக்கு அழகன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் அதே வீதியில், அதே காரியத்துக்காக, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நானும் ஒரு கராஜ்காரரும் சேர்ந்து செய்த சாதனம் ஒன்று இருந்தது. அதைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் அது ஒருநாளும் விழவில்லை.

என் ஐயா லொறிச் சாரதி. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரையும், இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த நெல்லைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்வதும், திரும்பும்போது மாவோ சீனியோ சீமெந்தோ ஏற்றி வருவதுமாக அவருடைய ஜீவியத்தின் பெரும்பாகம் கண்டி வீதியிலேயே கழிந்தது. ஏ9 என்னும் இலக்கப் பெயரை அவர் ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. வீதிக்கு நம்பர் போடுவது சிறைக்கைதிக்கு நம்பர் போடுவது போன்றது என்பது அவருடைய அபிப்பிராயம். 1989 இல் தம்பி அவரைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டான். மறுவருஷம் யுத்தம் மீண்டும் மூண்டு, யாழ்தேவி ரயில் வவுனியாவோடு நின்றுபோய், வீதியும் அடைபட்டு, தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகிவிட்டன. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், மாடிவீடொன்றின் ஒன்பதாவது தளத்திலே உட்கார்ந்தபடி, தான் விட்டுவந்த வீதி எந்த நிலையில் இருக்கிறதென்று வருகிற போகிறவர்களையெல்லாம் அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். விசாரணைக்கு ஆளானவர்கள் எல்லோரும் வீதியிலே பிரயாணம் செய்தவர்களேயன்றி, வீதியை ஓட்டியவர்கள் அல்லர்; ஆகையால் அவர்களுடைய சாட்சியம் ஒன்றும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதி யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் வீதி திறந்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் சிறிய டிஜிற்றல் வீடியோக் கமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினான். தீப்பெட்டி இரண்டை அடுக்கிவைத்தது போன்ற ஒளிநாடாவை அதன் அடிப்புறக் கதவு வழியாகப் போடவேண்டும். ஒரு நாடா அறுபது நிமிஷம் ஓடும். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "ஐயா கண்டி வீதியைப் பாக்கவேணுமெண்டு நிக்கிறார். எடுத்தனுப்பு."

நான் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியன். வரைபடம் கீறத் தெரியும். படம் பிடிக்கத் தெரியாது. சித்திரை விடுமுறையிலே வாடகைக் கார் ஒன்றின் முன்னாசனத்தில் இருந்து, கமராவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, மூச்சையும் பிடித்து, மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை எடுத்து அனுப்பினேன். என்ன எடுத்தேன் என்பதை நானே சரியாகப் பார்க்கவில்லை. கனடாவிலே விற்கும் கமரா அந்த நாட்டு ஒளிபரப்பு முறைக்கு அமைந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோ வேறு முறையினது. இரண்டையும் வயரால் இணைத்தால், கறுப்பு வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டிருக்குமே தவிர, உருவம் ஒன்றும் புலப்படாது. கமராவின் பக்கத்திலே விரியும் இரண்டரை அங்குலத் திரை ஒன்றே எனக்குக் கதி. அந்தத் திரையிலே எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. தீர்ப்பு ஸ்காபரோவிலிருந்து வரவேண்டும். நாடாவைக் கொண்டுபோகும் ஆளைத் தேடுவதும், அவர் போய்ச் சேருவதும், ஐயா பார்ப்பதுமாக ஆறு கிழமை சென்றது. பிறகு ஒருநாள் சந்தியிலுள்ள தொலைபேசி நிலையத்துக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, வீதி தெரியுது. ஆனால் நான் எதில இருந்து பாக்கிறன் எண்டு தெரியேல்லை. காகம் பறக்கிற மாதிரிக் கிடக்கு. பாதியில எனக்குத் தலை சுத்திப்போச்சு."

நான் எதிர்பார்த்தது நன்றி. கிடைத்தது இது. ஆயினும் வீடு திரும்பும் வழியிலே, சைக்கிளை உருட்டிக்கொண்டு யோசித்தபோது, கிழவர் சொன்னதில் ஒரு சூட்சுமம் இருப்பது புலப்பட்டது. கார் குலுங்குகிறது, காரில் இருக்கும் நான் வேறு விதமாகக் குலுங்குகிறேன், என் கைகள் அந்தக் குலுக்கத்தைச் சரிசெய்வதாக நினைத்து மூன்றாவது விதமாகக் குலுங்குகின்றன. கமராவோ கண்ணாடிக்கு வெளியே மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பதால், பார்ப்பவனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கம்பு இல்லை. லொறியிலே இருபத்தைந்து வருஷம் குலுங்கிய மனிதருக்குக் குலுக்கம் புதிதன்று. குலுக்குகிற வாகனம் கண்ணில் படாததுதான் அவரைச் சுழற்றியிருக்கிறது.

இந்த இடத்திலே ஒரு சிறு விலகல். சென்னை ஸ்ரூடியோக்களில் எடுத்த பழைய படங்களிலே, கதாநாயகன் நிற்கிற காரின் சக்கரத்தை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டிருக்க, பின்திரையிலே வீதி நேராக ஓடிக்கொண்டிருக்கும் காட்சி பலருக்கும் ஞாபகமிருக்கும். வவுனியாவிலே படம் பார்க்கப் போனால், அந்த இடம் வரும்போது ஐயா பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, "உவன் இந்நேரம் வாய்க்காலுக்குள்ள" என்று சொல்லிவிடுவார். ஆகவே சாரதியின் கண்ணை ஏமாற்ற முடியாதென்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

கமராவைக் காரோடு கட்டவேண்டும் என்னும் தீர்மானத்தோடு நான் போய் நின்றது, டிப்போச் சந்திக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்த ஒருவரிடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை "அண்ணை" என்பேன், அவர் என்னை "மாஸ்ரர்" என்பார். அவரிடம் இரட்டைக் கதவு மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்திலே வன்னிக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, வடக்கின் ஏனைய மொறிஸ்களையும் ஒஸ்ரின்களையும் போலவே அதுவும் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார். சிறு போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கறுத்த புகையை இழுத்துக்கொண்டு, நோயாளரையும் மணப்பெண்களையும் சவங்களையும் அது ஏற்றித் திரிந்தது. 2003 இல் பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. இருந்தும் ஆசனத் துணியைவிட்டு மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. எஞ்சினும் பழைய உணவை மறக்காததுபோல ஒரு "டிக் டிக்" சத்தத்தை விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது.

முதலில் நாங்கள் செய்த பிரயத்தனம் சிறுபிள்ளைத்தனமானது. நெல்லை அரைவாசிக்கு நிரப்பிய துணிப்பையைத் தட்டிலே வைத்து, அதன்மேல் கமராவை அமுக்கி வைத்தோம். பத்து நிமிஷத்தில் நெல் ஒருபக்கம் ஒதுங்க, கமரா ஆகாயத்தைப் பார்த்தது. அடுத்தது அண்ணையின் யோசனை. முதிரைப் பலகை ஒன்றைப் பின்னாசனத்திலிருந்து முன்தட்டு வரை நீளவாக்கில் போட்டு, நடுவிலே கமராவைப் பூட்டுவது. முதிரை வன்னிக் காட்டின் இரும்பு. அதுவே ஆடினால் எது ஆடாது என்பது அவருடைய வாதம். ஆனால் மரத்தின் உறுதி வேறு, நீளத்தின் குணம் வேறு. இரண்டு முனையிலும் தாங்கிய ஐந்தடிப் பலகை, எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும், வீணைத் தந்தியைப் போலத் தானாகவே அதிரத் தொடங்கியது. கையை வைத்துப் பார்த்தேன். விரல் நுனியிலே எறும்பு ஓடுவதுபோல இருந்தது. கமராவின் சின்னத் திரையிலே, வீதியோர மரங்களெல்லாம் தண்ணீருக்குள் நிற்பவைபோல நெளிந்தன.

"நீளம் கூடாது, மாஸ்ரர்," என்றார் அண்ணை, பலகையை இறக்கியபடி. "அடுப்புக்கல்லுக் கணக்காய்த்தான் செய்யவேணும்."

மூன்று கல்லின்மேல் வைத்த பானை ஆடாது. நாலு காலில் நிற்கும் மேசை, நிலம் சமமில்லையானால் ஆடும். இதை எங்கள் பாட்டிமார் அறிவார்கள். நான் கேத்திரகணிதம் படித்தும் எனக்கு அந்நேரம் தோன்றவில்லை. இரட்டைக் கதவு மைனரில், பின்னால் ஏறுவோருக்கு வழிவிடுவதற்காக முன்னாசனம் முன்பக்கம் கவிழும். அந்த ஆசனத்தைத் தரையோடு பிணைத்திருந்த பூட்டுகளைக் கழற்றி, ஆசனத்தை முழுதாக எடுத்துவிட்டோம். எஞ்சிய துளைகளிலே இரண்டு கால். இரண்டும் மேலே சென்று கூம்பிச் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து மூன்றாவது கால் முன்நோக்கி ஓடி, முன்தட்டின் விளிம்பை மரக்கட்டை ஒன்றால் கௌவிக்கொள்ளும். இரும்புக்கு எங்கே போவது? உடைந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று கராஜின் கோடியிலே கிடந்தது. அதன் சட்டங்களை வெட்டினோம். ஜெனரேற்றர் ஓடும் நேரம் பார்த்து, பக்கத்து ஒட்டுக்கடைப் பையன் ஒட்டித் தந்தான். கமரா நிற்கும் உயரத்தை அண்ணை தம் கண்ணுக்கும் தரைக்குமுள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்து நிச்சயித்தார். சாரதியின் தோளுக்குச் சற்றுப் பின்னே, இடப்புறமாக, அவர் கண் மட்டத்திலே கமரா. படத்தின் வலது ஓரத்திலே சக்கரமும் அதைப் பிடித்த கையும், மேலே கண்ணாடியின் சட்டமும் விழவேண்டும். ஐயா கேட்ட "எதில இருந்து" என்பதற்கு அதுவே விடை என்று எண்ணினேன்.

இனி வந்தது ஆணிப் பிரச்சினை. கமராவின் அடியிலுள்ள துளைக்கு ஒரு போல்ற் வேண்டும். பார்வைக்குக் கால் அங்குலப் பருமன். அண்ணையின் பால்மாத் தகரம் நிறையக் கால் அங்குல போல்ற் இருந்தது. ஒன்றை எடுத்துத் திருகினால் ஒன்றரைச் சுற்றுப் போய் இறுகிவிட்டது. நான் இன்னும் பலமாகத் திருக எத்தனித்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மொறிஸ் காரின் போல்ற் அங்குலத்துக்கு 28 புரி. கமராத் துளைக்கு வேண்டியது அங்குலத்துக்கு 20 புரி. பலவந்தம் பண்ணியிருந்தால் தம்பியின் கமரா அன்றே பாழாகியிருக்கும். கடையிலே புதிதாக வந்திருந்த ஆறு மில்லிமீற்றர் போல்ற்றும் சரிவரவில்லை. அது கொஞ்சம் மெலிந்தது, உள்ளே சென்று கிணுகிணுவென்று ஆடியது. கடைசியில் பொருந்தியது, வீட்டுக் கூரையில் பீலி பூட்டுகிற சாதாரணப் போல்ற். 1841 இல் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலேயர், ஆளுக்கொரு புரியாக வெட்டிக்கொண்டிருந்த பட்டறைகளுக்கெல்லாம் ஒரே கணக்கை வகுத்தார். அதிலே கால் அங்குலப் பருமனுள்ள போல்ற்றுக்கு, அங்குலத்துக்கு 20 புரி. அந்தக் கணக்குப் பீலிப் போல்ற்றிலும் கமராவின் வயிற்றிலும் ஒரேவிதமாகத் தங்கிவிட்டது என்பதை நான் பின்னால் படித்து அறிந்தேன். அந்த நேரத்தில், கார்ச் சாமானெல்லாம் கைவிட்டபின் பீலி ஆணி கைகொடுத்தது என்பதே எங்களுக்கு வியப்பு. அதன் நீளம் அதிகம். கமராவின் அடியிலே புரி சுமார் ஐந்து மில்லிமீற்றர்தான் போகும். அதற்குமேல் போனால் உள்ளே இருப்பதைக் குத்தும். ஆகையால் இரும்பு வாளால் அறுத்து, அரத்தால் நுனியை மழுக்கி, ஒவ்வொரு வாசராகச் சேர்த்து, நீளத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம்.

இத்தனைக்கும் பிறகு நான் ஒரு பிழை செய்தேன். அதிர்ச்சியைத் தடுப்பதற்கென்று, கமராவுக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே ஒரு அங்குலத் தடிப்பிலே மெத்தை ஸ்பொஞ்சை வைத்தேன். புத்திசாலித்தனமாகப் பட்டது. பள்ளத்தில் கார் இறங்கி ஏறியபோது, கார் ஒருமுறை ஆடி நின்றுவிட்டது. ஸ்பொஞ்சின் மேலிருந்த கமராவோ நின்றபாடில்லை, கோயில் மணியின் நாக்கைப்போல இன்னும் நாலைந்து தரம் ஆடியது. சித்திரையிலே என் கை செய்த குற்றத்தை ஆவணியிலே ஸ்பொஞ்ச் செய்தது. அதைப் பிய்த்தெறிந்து, சைக்கிள் ரியூப்பை ஒற்றை மடிப்பாக வெட்டி, வழுக்காமல் இருப்பதற்கு மாத்திரம் வைத்து, போல்ற்றை இறுக்கினோம். அப்போதுதான் அந்த அதிசயம் நிகழ்ந்தது. சின்னத் திரையிலே காரின் உட்புறம், கண்ணாடிச் சட்டம், சக்கரம், அண்ணையின் மணிக்கட்டிலே கட்டியிருந்த முறிகண்டிப் பிள்ளையார் நூல், எல்லாம் சுவரிலே மாட்டிய படம்போல அசையாமல் நிற்க, வெளியே வீதி மாத்திரம் குலுங்கிக்கொண்டு வந்தது. குலுக்கம் குறையவில்லை, கமராவும் காரின் அங்கமாகிவிட்டதால், குலுக்கம் முழுவதும் வீதியின் தலையிலே போய் விழுந்துவிட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், எங்களுக்குத் தெரியாமலே, ஈரானியப் படநெறியாளர் அப்பாஸ் கியரொஸ்தமி தஹ்ரான் நகரிலே ஒரு காரின் முன்தட்டில் சிறிய டிஜிற்றல் கமராக்கள் இரண்டைப் பொருத்தி, ஒன்றைச் சாரதிப் பெண்ணின்மேலும் மற்றதை அவள் பக்கத்தில் ஏறுகிறவர்கள்மேலும் திருப்பிவைத்து, 'பத்து' என்னும் முழுநீளப் படத்தை எடுத்து 2002 இல் வெளியிட்டிருந்தார். அவருடைய தேசத்தவரான ஜபார் பனாஹி, படமெடுக்கத் தடைவிதிக்கப்பட்டிருந்த நிலையிலே, தாமே வாடகைக் கார்ச் சாரதியாகி, காருக்குள்ளேயே எடுத்து முடித்த படத்துக்கு 2015 இல் பேர்லின் விழாவின் தங்கக்கரடி கிடைத்தது. இவற்றைப் பிற்காலத்திலே பார்த்தபோது, கதையைக் காட்டிலும் கமரா எங்கே பூட்டப்பட்டிருக்கிறது, எதிலே பூட்டப்பட்டிருக்கிறது என்பதிலேதான் என் புத்தி போய் நின்றது. படம் பார்க்கும் சுகம் எனக்கு அன்றோடு ஓரளவு கெட்டுவிட்டது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வன்னியிலே காலை எட்டு மணிக்குமேல் வீதி வெள்ளித் தகடாக எரியும், காருக்குள் இருட்டு. கமராவைத் தன்போக்கில் விட்டால், மரநிழல் வரும்போதெல்லாம் கண்ணை அகலத் திறந்து, நிழல் விலகியதும் கூசிச் சுருக்கி, படம் முழுவதும் மூச்சுவாங்கும். ஆகையால் ஒளியையும் குவியத்தையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவைத்தேன். குவியத்தைப் பூட்டாவிட்டால் கண்ணாடியிலே செத்து ஒட்டியிருக்கும் பூச்சியையே அது உற்றுப் பார்க்கும். முன்தட்டின் வெளிறிய நிறம் கண்ணாடியிலே ஆவிபோலப் பிரதிபலித்தது. அதற்கு என் மனைவியின் பழைய குடையொன்றின் கறுப்புத் துணியைப் பிரித்து விரித்தோம். அந்தக் குடை பழையது என்பது என்னுடைய கணிப்பு மாத்திரமே என்று அன்று மாலை தெரியவந்தது.

சோதனைச் சாவடிகளிலே படமெடுப்பது கூடாது. ஆதலால் புளியங்குளத்துக்கு இப்பால் ஆரம்பித்து வடக்கு நோக்கி எடுப்பதென்று முடிவுசெய்தோம். கிளிநொச்சி வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். தம்பியிடமிருந்து கமராவைக் கொண்டுவந்தவர் வவுனியாவிலே அதன் கடிகாரத்தைக் கொழும்பு நேரத்துக்குத் திருப்பியிருந்தார். 1996 இல் தெற்கு கடிகாரத்தை முன்னே தள்ளியபோது வன்னி பழைய நேரத்திலேயே நின்றுவிட்டதால், ஓமந்தைச் சாவடியைத் தாண்டினால் அரைமணி நேரம் பின்னே போகவேண்டிய காலம் அது. எங்கள் கைக்கடிகாரத்தில் ஆறு பத்தாக இருந்தபோது, கமராவிலே ஆறு நாற்பது. திருத்த எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

அண்ணை ஓட்டினார், நான் பின்னாசனத்தில் குனிந்திருந்தேன். வீதியின் இருமருங்கிலும் சிவப்பு வெள்ளைத் தடிகளும், மண்டையோடு கீறிய மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளும். அவற்றுக்கு அப்பால் தலையிழந்த பனைகள். அவற்றுக்கும் அப்பால், யாருக்கு என்ன நடந்தாலும் பச்சையாகவே நிற்கும் காடு. தார் இருந்த இடத்தைவிடக் கிடங்கு இருந்த இடம் அதிகம். கனகராயன்குளம் கடந்து மாங்குளத்தை அடைவதற்கும் முதல்நாடா முடிவதற்கும் சரியாக இருந்தது. அப்போதுதான் எங்கள் சிருஷ்டியின் மகத்தான குறை தெரிந்தது. நாடா மாற்றும் கதவு கமராவின் அடியிலே. அடியிலேதான் இரும்புத் தட்டும் பீலிப் போல்ற்றும். அத்தனை நாள் அளந்தும் அறுத்தும் ஒட்டியும், இந்த ஒன்றை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. கமராவை முழுதாகக் கழற்றி, நாடாவை மாற்றி, வாசர்களைத் திரும்ப எண்ணிப் போட்டு, பழைய கோணத்துக்குக் கொண்டுவர அரைமணித்தியாலம் சென்றது. வாசர் ஒன்று ஆசனத்துக்கு அடியிலே உருண்டுபோனதைத் தேடியது தனி.

அந்தத் தாமதத்தினால் வெயில் ஏறிவிட்டது. ஒளியைப் பூட்டிவைத்த கணக்குத் தப்பிவிடும் என்னும் பயம் எனக்கு. கொக்காவில் கழிந்து முறிகண்டி நெருங்கியது. அந்த வீதியிலே போகிற எந்த வாகனமும் பிள்ளையார் சந்நிதியிலே நின்று, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் நகரும்; பஸ்ஸானாலும் பட்டாளத்து வண்டியானாலும் விதி ஒன்றே. அண்ணையின் கால் தானாகவே பிறேக்கை நாடியது. "நிப்பாட்டவேண்டாம், அண்ணை, நாடா ஓடுது" என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு வலது கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து, நெஞ்சிலே தொட்டு, வேகத்தைக் குறைத்துக் கடந்துபோனார். அந்தக் கை எழுந்ததும் நெஞ்சுக்குப் போனதும் படத்தின் ஓரத்திலே விழுந்திருந்தது.

இந்த முறை அழைப்பு நாலாவது கிழமையே வந்தது. தம்பிதான் முதலில் பேசினான். ஐயா படத்தைப் போட்டதும் நாற்காலியை இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்து உட்கார்ந்தாராம். கனகராயன்குளத்தடியிலே ஒரு பெரிய கிடங்கு வரும்போது அவருடைய இடதுகால் கிளச்சை மிதிப்பதுபோலத் தரையை அழுத்தியதாம். பேரப்பிள்ளைகள் சிரித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லையாம். மதகுகளை வாய்விட்டு எண்ணினாராம். பிறகு ஐயாவே வாங்கிக்கொண்டார்.

"முறிகண்டியில நிப்பாட்டாமல் எவன் ஓட்டினது?"

நான் நாடாவைப் பற்றியும் அடிப்புறக் கதவைப் பற்றியும் விளக்க முயன்றேன்.

"கமராவுக்காகவோ பிள்ளையார்? அவர் எவ்வளவு நேரம் கேக்கிறவர்? ஒரு தேங்காய் நேரம்." கொஞ்சநேரம் பேச்சில்லை. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு போய்க்கொண்டிருந்தது. "இன்னொண்டு. எஞ்சினில தப்பெட் அடிக்குது. ஒண்டு மட்டுந்தான். அந்தப் பொடியனுக்குச் சொல்லு, திறந்து பாக்கச்சொல்லி."

அந்தப் "பொடியனுக்கு" அப்போது ஐம்பத்தெட்டு வயது. கமராவைக் காரின் எலும்போடு எலும்பாகப் பிணைத்ததிலே, எஞ்சினின் சத்தமும் இரும்பு வழியாக ஏறி நாடாவிலே பதிந்திருந்திருக்கிறது. கனடாவிலிருந்து வந்த நோய்நிர்ணயத்தைத் தயக்கத்தோடு அண்ணையிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது, மண்ணெண்ணெய்ச் சத்தம், அது அப்படித்தான் என்றார். மறுநாள் பாடசாலை முடிந்து போனபோது, எஞ்சினின் மேல்மூடி கழற்றிக் கிடந்தது. வால்வின் இடைவெளியை அளக்கும் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தவு இருக்கவேண்டிய இடத்திலே, மூன்றாம் சிலிண்டரில் ஒன்று இருபதுக்கு மேலே தளர்ந்துபோய் இருந்ததாம். "மனுசன் என்ன லொறி ஓட்டினவர்?" என்று மாத்திரம் கேட்டார்.

முறிகண்டியிலே நின்று மறுபடியும் எடுத்தனுப்புவதாக ஐயாவுக்கு வாக்களித்தேன். மார்கழி விடுமுறைக்கு என்று வைத்தேன். அதற்குள் செம்மண் புழுதி கமராவின் உள்ளே இறங்கி, படம் கட்டங்கட்டமாக உடையத் தொடங்கியது. கொழும்புக்கு அனுப்பியது ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அடுத்த மார்கழியிலே முல்லைத்தீவைக் கடல் கொண்டுபோயிற்று. படமெடுக்கும் மனநிலை யாருக்கும் இருக்கவில்லை. 2006 ஆகஸ்டிலே வீதி மீண்டும் அடைபட்டது. அடுத்த வருஷம் ஐயா ஸ்காபரோவிலே காலமானார். அண்ணையின் மொறிஸ், எங்கள் மூன்றுகால் இரும்பைப் பின்னாசனத்திலே சுமந்தபடியே, 2009 இல் யுத்தம் முடிந்தபோது எல்லா வாகனங்களும் போய் நின்ற இடத்திலே, கடற்கரைக்குச் சற்று உள்ளே, போய் நின்றது. அதன் பிறகு நான் அதைக் காணவில்லை. அண்ணையையும் காணவில்லை.

தம்பியின் மகன் எடுத்த படத்தை அன்றிரவு விறாந்தையிலே இருந்து பார்த்தோம். வீதி இப்போது கண்ணாடி. வான் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஓரத்து மரங்களைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மதகுகள் வருவதும் போவதும் தெரியவில்லை. அவன் விரலால் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டு வந்தான். ஓரிடத்திலே படம் அசையாமல் நின்றது. முன்கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியிருந்த பஸ் ஒன்றின் பின்புறமும், குறுக்கே போகும் கச்சான்கடைப் பெண்ணின் கையும் தெரிந்தன. சாரதி இறங்கிப் போயிருந்தார், ஆளில்லாத ஆசனம், யாரும் கமராவை நிறுத்தவில்லை. தூரத்திலே ஒரு தேங்காய் சிதறும் சத்தம், பிறகு இன்னொன்று.

"இது பன்னிரண்டு நிமிசம் சும்மா நிக்குது, பெரியப்பா. வெட்டி எறியவோ?" என்று கேட்டான்.

"கிடக்கட்டும்" என்றேன்.